துப்பாக்கிப் பெட்டியும் மறதியும்

விளாத்திகுளத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் கிளர்ச்சி அடங்கியபின், 1801-இல் கும்பினியார் ஆயுதந் தரித்தலைத் தடுத்தனர். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிச் சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருத்தலை விலக்கிற்று. அதனிடத்தில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எனினும், சட்டம் வீட்டினுட் புகுந்து பெட்டியைப் பூட்டாது. அஃது உடையவன் கடனேயாம்.

பூட்ட மறப்பதேன்? நாடோறும் செய்யுந் தொழிலாதலின், நேற்றுப் பூட்டியதை இன்று பூட்டியதாகவே மனம் மயங்குகின்றது. ஆதலின் நினைவை நம்பற்க, வழக்கத்தை நம்புக. தோட்டாவை நீக்கி, குழலைச் சோதித்து, துப்பாக்கியை உள்ளே வைத்த கை, திறவுகோலைத் திருப்பிக் கதவை இழுத்துப் பார்த்த பின்னரே வேறொன்றைத் தொடுக. தோட்டாக்கள் வேறொரு பெட்டியிலும், திறவுகோல் உடையவன் மடியிலும் இருத்தல் வேண்டும். விளையாட்டுப் பொருளுக்கும் கொலைக்கருவிக்கும் வேற்றுமை அறியாத குழந்தை வீட்டிலுண்டு. ஒருநாள் மறதியை ஆயுள் முழுதும் அழுதும் மாற்றலாகாது.