பழைய வண்டிக்கு எந்த கேஸ்? ஓர் இளம் ஏசி மெக்கானிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

1992 மாடல் மாருதி 800 ஒன்று உன் ஷெட்டில் நிற்பதாகவும், ஓனர் "எந்த கேஸ் போட்டாலும் சரி, குளிர்ந்தால் போதும்" என்று சொல்வதாகவும் எழுதியிருந்தாய். இதே கேள்வியோடு உன் வயதுப் பையன்கள் நிறையப் பேர் இருப்பதால், எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வண்டியை உனக்குப் பிறகு இன்னொருவன் திறப்பான். அவன் கேஜை மாட்டும்போது உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரியவேண்டும். கேஸைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தக் காலத்து ஏசி ஆர்-12-க்காகச் செய்யப்பட்டது. சர்வீஸ் வால்வைப் பார்: மரை போட்டுத் திருகுகிற மாதிரி இருந்தால் ஆர்-12, அழுத்தினால் 'க்ளிக்' என்று பிடிக்கும் கப்ளர் இருந்தால் ஆர்-134ஏ, அல்லது யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். கப்ளரை மட்டும் மாட்டிவிட்டு உள்ளே எதையும் தொடாமல் விட்ட வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் வால்வைப் பார்த்ததோடு நிறுத்தாமல் டிரையரையும் ஆயிலையும் பார்த்துவிடு.

ஆர்-12 கிடைக்குமா என்று தேடி அலையாதே. ஓசோன் படலத்தை அரிக்கும் இந்த கேஸை நிறுத்த 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. 2010-இலிருந்து இங்கே ஆர்-12 சேர்ந்த சிஎஃப்சி வகைக்கே பொதுத் தடை. இன்று யாராவது "ஒரிஜினல் ஆர்-12" என்று நீட்டினால், பழைய சரக்கா, வேறு வண்டியிலிருந்து உறிஞ்சியதா, போலியா என்று உன்னால் சொல்ல முடியாது. ஆனால் உன் வண்டிக்குள் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதைக் காற்றில் திறந்துவிடாதே. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் ஒரு கிலோ ஆர்-12 பத்து டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். எண்ணூறு கிராமை 'புஸ்' என்று விட்டால், சுமார் 3,700 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. ரிகவரி மெஷின் இல்லையென்றால், இருக்கிற ஷெட்டுக்கு வண்டியை அனுப்பு.

இப்போது மாற்று வழிகள். உனக்கு மூன்று யோசனை சொல்லியிருப்பார்கள்.

முதல் யோசனை ஆர்-22. வீட்டு ஏசிக்காரர்களிடம் சிலிண்டர் இருக்கும், விலையும் படியும். ஆனால் கண்டென்சர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-12-இன் அழுத்தம் சுமார் 205 பிஎஸ்ஐ, ஆர்-134ஏ-க்கு 230, ஆர்-22-க்கோ 335-ஐத் தாண்டும். மே மாதத்து மதியம், சிக்னலில் நிற்கிற வண்டி, முப்பது வருஷத்து ஓஸ். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது யோசனை எல்பிஜி வகை, அதாவது புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த கேஸ். இதில் உன்னிடம் மழுப்ப விரும்பவில்லை: அது நன்றாகவே குளிரும். பழைய மினரல் ஆயிலோடும் ஒத்துப்போகும். அதனால்தான் ஆசை காட்டுகிறது. கணக்கைப் போட்டுப் பார். எண்ணூறு கிராம் ஆர்-12 பிடித்த வண்டிக்கு இந்த கேஸ் முந்நூறு கிராம் அளவுக்குத் தேவைப்படும். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 40 கிராம் கலந்தாலே தீப்பிடிக்கும் நிலை வந்துவிடும். சின்னக் காரின் உட்புறம் இரண்டரை கன மீட்டர் என்று வைத்தால், 100 கிராமே போதும். கூலிங் காயில் இருப்பதோ டேஷ்போர்டுக்குள்ளே. அது ஓட்டையானால் கேஸ் வந்து சேருமிடம் ஆள் உட்கார்ந்திருக்கிற இடம். பக்கத்திலேயே புளோயர் மோட்டார், சுவிட்சுகள். வீட்டு ஃபிரிட்ஜில் ஐசோபியூட்டேன் இருக்கிறதே என்பார்கள். அங்கே இருப்பது சில பத்து கிராம். அந்தப் பெட்டியே அதற்கென்று வடிவமைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை அந்தப் பைப்பில் பற்றவைக்க டார்ச்சைக் கொண்டுபோகிற பையனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. அமெரிக்காவில் ஆர்-12 வண்டிகளுக்கு இந்த வகை கேஸை அனுமதிக்காததும் தீப்பிடிக்கும் ஆபத்தினால்தான்.

மூன்றாவது யோசனை, இருக்கிற ஆர்-12-இன் மேலேயே ஆர்-134ஏ-வை ஏற்றுவது. உப்பும் சர்க்கரையும் கலந்த டப்பாவைப் போன்றது அது. பிறகு எவனாலும் பிரிக்க முடியாது. கேஜ் காட்டும் எண்ணுக்கும் பொருள் இருக்காது.

புது வண்டிகளில் வரும் ஆர்-1234ஒய்எஃப் பற்றியும் கேட்டிருந்தாய். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ போட முடியாது என்றானதும் பெரும்பாலான கம்பெனிகள் இதற்கு மாறின. நல்ல கேஸ்தான், ஆனால் விலை அதிகம், லேசாகத் தீப்பிடிக்கும், கப்ளரும் வேறு. பழைய வண்டிக்கு அது பொருத்தமில்லை.

ஆக, ஆர்-134ஏ. எல்லாக் கடையிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தப்படி இந்தியா இந்த வகை கேஸ்களை 2032-இலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-இல் 85 சதவீதக் குறைப்புக்கு வரும். அதனால் இந்த வண்டியின் ஆயுளுக்குள் திண்டாட்டம் வராது.

ஆனால் கேஸ் ஏற்றுவது இந்த வேலையில் கடைசி அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் செய்யவேண்டியதைக் கவனி. கேஸ் தேய்ந்து தீருகிற பொருள் இல்லை; குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார். எண்ணெய்க் கறையும் தூசியும் ஒட்டியிருக்கிற இடத்தில், குறிப்பாகக் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலில், முதலில் தேடு. மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காது; கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் காயிலிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு பிடித்துக்கொள்ளும். அதனால் கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்துப் பழைய ஆயிலை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்று. மிச்சமிருக்கும் பழையதை ஓரளவு அது பொறுத்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், உடனே மூடு. டிரையரைக் கட்டாயம் மாற்று. ஓரிங்குகள் அனைத்தையும், முடிந்தால் ஓஸையும் மாற்று. நன்றாக வேக்யூம் போடு.

ஏற்றும்போது எடை போட்டு ஏற்று. ஆர்-12 அளவில் 80 முதல் 85 சதவீதம்: எண்ணூறு கிராம் என்றால் 640-இல் தொடங்கு. கேஜைப் பார்த்துக் "கொஞ்சம் கூடப் போடுவோம்" என்றால் ஹை சைடு எகிறும், குளிர் குறையும்.

சிலிண்டரையும் நம்பிவிடாதே. 2011-இல் வியட்நாமில் சர்வீஸ் செய்யப்பட்ட கப்பல் குளிர்பெட்டிகள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று விற்கப்பட்ட கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினை புரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் பொருளாகிறது. நிழலில் 30 டிகிரியில் வைத்த நல்ல சிலிண்டர் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். விலகினால் திருப்பிக் கொடு. சரியாகக் காட்டினாலும் பில் கொடுக்கிற கடையில் மட்டும் வாங்கு.

ஓனரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல். பழைய கண்டென்சரோடு விட்டால், நெரிசலில் நிற்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் குளிரும். புதுவகைக் கண்டென்சரும் கூடுதல் ஃபேனும் போட்டால் அந்தக் குறை தீரும். செலவு அவர் நினைத்ததைவிட அதிகம். ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பு. அரைகுறையாகச் செய்த வேலைக்கும் உன் பேர்தான் கெடும்.

ஒப்புக்கொண்டால், வேலை முடிந்ததும் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு: கேஸ் ஆர்-134ஏ, எத்தனை கிராம், எந்த ஆயில் எவ்வளவு, தேதி, உன் ஷெட் பெயர். பழைய மரை வால்வுகள் மேல் புதுக் கப்ளரைக் கழற்ற முடியாதபடி இறுக்கு. ஸ்டிக்கருக்கும் சேர்த்தே பில் போடு; ஓனர் ஏனென்று கேட்டால் காரணத்தைச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்