மேசை விரிப்பும் கைத்துணியும்

'மேசை' என்னும் சொல் நமக்குப் போர்த்துக்கீசியர் தந்தது. கை துடைக்கும் 'துவாலை'யும் அவர்கள் மொழியினின்று வந்ததே. இரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கின எனலாம். ஆயினும் மேசைமேல் துணி விரித்து உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் எளிதில் நுழையவில்லை. அஃது ஏன் என்பதையும், அத்துணியைக் கையாளும் முறையையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இலையில் உண்பவனுக்கு விரிப்பு வேண்டியதில்லை. இலையே தட்டு, இலையே விரிப்பு. உண்டபின் அது எச்சில், மடித்து எறிந்துவிடுகிறோம். புனேயில் மராட்டியரின் பழைய பந்தியும் இத்தகையதே. 'பாட்' என்னும் மணையில் அமர்வர். 'தாட்' என்னும் தட்டைச் சுற்றிக் கோலமிடுவர். துணி உண்பவர் உடம்பில் இருந்ததேயன்றி உணவுக்கு அடியில் இருக்கவில்லை. நாம் 'மடி' என்பதை இவர்கள் 'சோவளே' என்பர். துவைத்துப் பிறர் தொடாமல் உலர்த்திய ஆடையோ, பட்டோ உடுத்து உண்பது அது.

மேசை விரிப்பின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. நேற்று ஒருவர் உண்ட விரிப்பின்மேல் இன்று மற்றொருவர் உண்கிறார். ஒருவர் வாய் துடைத்த கைத்துணி நாளை வேறொருவர் மடியில் கிடக்கும். இடையில் நிற்பது சலவை ஒன்றே. அதை நம்பித்தான் அமர வேண்டும். பிறரோடு உண்பது இந்நகரில் சிறு செய்தியாக இருந்ததில்லை. 1890இல் பாஞ்ச் ஹௌத் என்னுமிடத்துக் கிறித்தவ மிஷனில் தேநீரும் பிஸ்கோத்தும் அளிக்கப்பட்டன. சென்றிருந்தோர் பெயர்கள் பத்திரிகையில் வெளியாகவே பெரும் புயல் எழுந்தது. திலகரும் ரானடேயும் அதில் சிக்கினர். விசாரணை சங்கராச்சாரியார் வரை சென்றது. ரானடே பிராயச்சித்தம் செய்துகொண்டார். வழக்கு துணியைப் பற்றியதன்று. பிறர் கைபட்டதை ஏற்கலாமா என்பதைப் பற்றியது. அக்கேள்வியே மேசை விரிப்பிலும் மடிந்து கிடக்கிறது என்பது என் கருத்து.

இனி முறையைக் காண்போம். 76 செ.மீ. சதுர மேசைக்கு 137 செ.மீ. சதுர விரிப்பு வேண்டும். நாற்புறமும் முப்பது செ.மீ. அளவுக்குத் தொங்கி, நாற்காலியின் இருக்கை மட்டத்தில் நின்றுவிடும். அதனினும் நீண்டால் அமர்பவர் காலில் சிக்கும். விரிப்புக்கு அடியில் தடித்த மெத்தைத்துணி ஒன்று இடுவர். தட்டு வைக்கும் ஓசையை அது விழுங்கும். விரிப்பு வழுக்காமலும் காக்கும். மேலே ஒரு மீட்டர் அளவில் சிறுவிரிப்பு ஒன்றை இடுவதும் உண்டு. கறை பட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். கைத்துணி 45 முதல் 50 செ.மீ. சதுரம். விருந்தினர் கண்முன் விரிப்பை மாற்ற நேர்ந்தால், வெறும் பலகை தெரியாதபடி பழையதை மடித்துக்கொண்டே புதியதை விரிக்க வேண்டும். எழுதுவது எளிது! மேசைமேல் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என மேசைக்கு மூன்று விரிப்பேனும் இல்லாத விடுதி தடுமாறும்.

மேனாட்டார் சிறந்ததெனக் கொள்வது ஆளிநாரால் நெய்த லினன். வெள்ளையின்மேல் வெள்ளையாகவே பூ தெரியும்படி நெய்வது டமாஸ்க். டமாஸ்கஸ் நகரின் பெயர் அது. பூவில் ஊடை மேலும், நிலத்தில் பாவு மேலுமாக நிற்பதால் ஒளி இரண்டிலும் வெவ்வேறாகப் படுகிறது. நமக்குப் பருத்தியே போதும். கொதிநீரைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும். பாலியெஸ்டர் விரிப்பு கசங்காது என்பது உண்மை. ஆனால் அதில் கைத்துணி செய்தால் வாயைத் துடைக்காது, தடவும்!

நம் சமையலுக்கோ தனித்துன்பம் ஒன்றுண்டு. மஞ்சள் வெறுங்கறையன்று, சாயமே. பருத்தியைத் தானே பற்றிக்கொள்ளும். சோப்புப் பட்டால் சிவக்கும். பதற வேண்டா. நன்கு அலசி வெயிலில் உலர்த்தினால் வெளிறிவிடும்.

லட்சுமி சாலைக் கடைகளில் 'நாப்கின்' கேட்டால் சிறு துவாலையை எடுத்து வைப்பர். மராட்டியில் அச்சொல்லுக்கு அதுவே வழக்கு. சோலாப்பூர்த் துவாலைக்கு இங்கே மதிப்பு மிகுதி. திருமணங்களில் ஆடவர்க்குத் துவாலையும் தொப்பியும் அளித்துச் சிறப்பிப்பர்.

நம் திருமண மண்டபங்கள் மேசையை ஏற்றன, துணியை ஏற்கவில்லை. நீண்ட மேசைமேல் வெள்ளைத்தாளை உருட்டி விரித்து, அதன்மேல் இலை இடுகிறோம். பந்தி முடிந்ததும் இலையும் தாளும் ஒருசேரச் சுருண்டு போகின்றன. மேசையேறிய பின்பும் இலையின் சட்டமே நடக்கிறது.

ஆனால் உலகின் மேசைகளுக்குத் துணி தருவோரில் தமிழரும் உளர். கரூரில் மேசை விரிப்பும், கைத்துணியும், அடுக்களைத் துணியும் நெய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகின்றனர். 1970களில் சிறிதாகத் தொடங்கிய ஏற்றுமதி அது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது வரியை 50 விழுக்காடாக்கியபோது அவ்வூரின் தொழிலும் அடிபட்டது. அதற்கு முன்பிருந்தே வேறொரு விலையும் உண்டு. அயல்நாட்டுச் சலவைக்கூடத்தைக் காணுமுன் அத்துணி கரூர்ப் பக்கத்திலேயே ஒருமுறை வெளுக்கப்படுகிறது, சாயமேற்றப்படுகிறது. அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் அமராவதியில் கலந்து, ஆற்றையும் கரையோரக் கிணறுகளையும் கெடுத்திருக்கிறது.