ஊர்ப் பெயரும் இணையப் பெயரும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் மக்கள் வெள்ளத்தை நாம் அறிவோம். தீபத்திற்கு மட்டுமன்றிப் பௌர்ணமிதோறும் வந்து, 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வரும் அன்பர்களும் பல்லாயிரவர். முற்காலத்தில் இவர்கள் ஊரிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதித் தங்குமிடம் விசாரித்துப் புறப்படுவார்கள். இக்காலத்தில் கைப்பேசியை எடுத்து ஊரின் பெயரைத் தட்டுகிறார்கள். அங்கு தோன்றும் பெயர்களுள் எது மெய், எது பொய் என்று அறியாமல் பணம் கட்டி ஏமாறுவோரும் உண்டு.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய இணையக்குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் இதுபற்றி நாடெங்கும் எச்சரிக்கை விடுத்தது. யாத்திரிகர்களைக் குறிவைத்துப் போலி இணையதளங்கள் அமைக்கப்படுகின்றன என்றும், கேதாரநாத் ஹெலிகாப்டர் பயணச் சீட்டு, விடுதி அறை முதலியவற்றைச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள் என்றும் அம்மையம் கூறியது. ஒரு பெயரைப் பார்த்து நம்பியதால் நேர்ந்த இழப்பு இது. ஆகையால் பெயரைத் தெரிந்துகொள்வதும், நமக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பதும் நகரத்தாரின் கவலை மட்டுமன்று. கிராமத்தாரின் கவலையும் ஆகும்.

இணையப் பெயர் என்பது யாது?

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களால் ஆன ஒரு விலாசம் உண்டு. அவ்வெண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதியில் எல்லாக் கணினிகளின் பெயர்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்தனர். கணினிகள் பெருகவே, அப்பட்டியலைப் பேணுவது இயலாததாயிற்று. 1983-ல் அமெரிக்க அறிஞர் பால் மோக்கபெட்ரிஸ் ஒரு புதிய முறையை வகுத்தார். பெயரைச் சொன்னால், அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது அம்முறை. 1985 மார்ச்சில் 'டாட் காம்' என்று முடியும் முதற்பெயர் பதிவாயிற்று.

நம் நாட்டிற்குரிய முடிவு 'டாட் இன்' என்பது. 2005 முதல் இதனை இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் பேணி வருகிறது. நிலத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகம் எப்படியோ, பெயருக்கு இப்பரிமாற்றகமும் அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களும் அப்படி. ஆனால் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. நிலத்தைக் கிரயம் பெறலாம். இணையப் பெயரைக் கிரயம் பெற இயலாது. அது குத்தகை போன்றதே. ஒரே தவணையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குப் பதியலாம். கெடு முடியுமுன் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும்.

வலமிருந்து படியுங்கள்

இணையப் பெயரை இடமிருந்து படிப்பது நம் வழக்கம். உண்மையை அறிய வேண்டுமாயின் வலமிருந்து படிக்க வேண்டும். தபாலுறையில் கடைசி வரியைக் கொண்டுதான் கடிதம் எந்த ஊருக்குச் செல்வது என்று தபாற்காரர் அறிகிறார். அதுபோலவே பெயரின் கடைசிப் பகுதிதான் அது யாருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்பதைக் காட்டும். அரசாங்க அலுவலகங்களின் பெயர்கள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' என்றோ, 'நிக் டாட் இன்' என்றோ முடியும். திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'நிக் டாட் இன்' என்றே முடிகிறது. இவ்விரு முடிவுகளையும் தனியார் எவரும் பெற இயலாது.

வஞ்சகர் செய்யும் தந்திரம் என்ன? 'திருவண்ணாமலை', 'கோயில்', 'கவ்' முதலிய சொற்களைப் பெயரின் முற்பகுதியில் எழுதிவிட்டு, முடிவில் வேறொன்றை வைத்துவிடுவார்கள். முற்பகுதியில் எவரும் எதையும் எழுதலாம். முடிவை மாற்ற இயலாது. பெயரின் முடிவுக்குப் பின் ஒரு சாய்கோடு வருமாயின், அக்கோட்டிற்கு அப்பால் உள்ளதைக் கணக்கில் எடுக்க வேண்டா. கோட்டிற்கு முன் நிற்கும் கடைசிச் சொற்களே கவனிக்கத் தக்கவை.

வங்கிகளைப் பற்றியும் விவசாயிகள் இதனை அறிதல் நன்று. ரிசர்வ் வங்கி 2025-ல் ஒரு ஏற்பாடு செய்தது. நாட்டின் வங்கிகள் யாவும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறவேண்டும் என்று அது பணித்தது. வங்கி அல்லாத எவருக்கும் இம்முடிவு கிடைக்காது. பயிர்க்கடன் தருவதாகச் செய்தி வந்தால், விரலை வைத்து அழுத்துமுன் பெயரின் முடிவைப் பாருங்கள்.

பெயருக்கும் மதிப்பு உண்டு

ஒரு வெறும் பெயருக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். 2019-ல் 'வாய்ஸ் டாட் காம்' என்ற ஒரு பெயர் மட்டும் 3 கோடி டாலருக்கு விற்பனையாயிற்று. இத்தகைய விலை நம் கிராமத்திற்கு வரும் என்று எவரும் மயங்கலாகாது. நமக்கு வேண்டிய மதிப்பு வேறு. அது வாடிக்கையாளரின் நம்பிக்கை.

இதற்கு நம் மாநிலத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கே சான்று. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்துச் 'சிஃபி' என்ற புதுச்சொல்லை ஆக்கி, 1999-ல் அதன் அடிப்படையில் இணையப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ஓரெழுத்தை மட்டும் கூட்டி, ஏறத்தாழ அதே ஒலியுடைய பெயரை வைத்துக்கொண்டது. கீழ்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. முடிவில் 2004 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணையப் பெயர் வெறும் விலாசமன்று. வணிகச் சின்னத்தைப் போன்று பாதுகாக்கத் தக்கது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பிறர் பெயரைப் போன்றதொரு பெயரை நாம் வைத்துக்கொண்டாலும் இதே சட்டம் நம்மீது பாயும் என்பதையும் மறக்கலாகாது.

எழுத்துக் கூட்டலில் உள்ள இடர்

தமிழில் திருவண்ணாமலை என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 'தி' என்பதற்கு 'டி, ஐ' என்று எழுதுவோர் சிலர். இடையே 'எச்' சேர்ப்போர் சிலர். 'ணா' என்னும் நெடிலுக்கு ஒரு 'ஏ' போதும் என்பார் சிலர். இரண்டு வேண்டும் என்பார் சிலர். கிழக்கிந்தியக் கம்பெனியார் இவ்வூரை 'டிரினோமலி' என்றும், வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றும் எழுதி வைத்தனர். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் திருத்தும் அரசாணை வெளியாகிச் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது எத்தனை சிக்கலானது என்பதற்கு இது போதிய சான்று.

போளூர்ப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு மரச்செக்குக் கடலெண்ணெயை இணையத்தில் விற்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கள் பெயரை 'எச்' சேர்த்துப் பதிந்துவிட்டு, எண்ணெய்ப் புட்டியில் 'எச்' இன்றி அச்சிட்டால், வாங்க வருபவர் வேறொருவர் வாசலுக்குப் போய்விடுவார். இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. தேர்ந்த பெயரைத் தொலைபேசியில் ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். கேட்டவர் பிழையின்றி எழுதினால் அது நல்ல பெயர். எழுத்தெழுத்தாக விளக்க நேர்ந்தால் வேறு பெயர் தேடுங்கள். 'ழ', 'ள' வரும் சொற்களில் இச்சோதனை இன்றியமையாதது.

தமிழெழுத்திலேயே பெயர் வைக்கவும் இன்று வழியுண்டு. 2010-ல் 'இலங்கை' என்ற முடிவும், 2011-ல் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்ற முடிவுகளும் தமிழ் எழுத்திலேயே உலகப் பட்டியலில் இடம் பெற்றன. இது பெருமைக்குரியது. ஆயினும் சில பழைய செயலிகளும் மின்னஞ்சல் படிவங்களும் தமிழ்ப் பெயரை இன்னும் ஏற்பதில்லை. எனவே தமிழ்ப் பெயரோடு ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் துணையாக வைத்துக்கொள்வதே விவேகம்.

யாரிடம் யோசனை கேட்பது?

கிணறு வெட்டுமுன் நீரோட்டம் அறிந்தவரைக் கேட்கிறோம். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். பெயர் விஷயத்திலும் அறிந்தவர் யோசனை வேண்டும். எடுத்த பெயர் வேறொருவரின் வணிகச் சின்னமா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். ஆரணிப் பட்டு போன்ற புவிசார் குறியீடு பெற்ற பெயர்களைத் தொடுமுன் வழக்கறிஞரைக் கேட்டல் நலம். 'டாட் இன்' பெயர் பற்றிப் பிணக்கு நேர்ந்தால், நடுவர் மூலம் தீர்க்கும் முறையும் இருக்கிறது.

யோசனை சொல்வோர் யாவரும் நிபுணர் அல்லர். 'உங்கள் பெயருக்குப் பெருவிலை கிடைக்கும். முதலில் மதிப்பீட்டுக் கட்டணம் அனுப்புங்கள்' என்பவரையும், 'இன்றே பத்துப் பெயர்கள் வாங்காவிடில் கெட்டீர்கள்' என்று அச்சுறுத்துபவரையும் விலக்குங்கள். நல்ல நிபுணர் செலவைக் குறைக்க வழி சொல்வார். தம் கட்டணத்தை முன்னதாகவே எழுத்தில் தருவார்.

யாவற்றினும் முக்கியமானது, பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதே. தளம் அமைத்துத் தரும் இளைஞர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வஞ்சக எண்ணம் அவருக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் அவர் வெளியூர் போனபின் புதுப்பிக்கும் அறிவிப்பு அவருக்கே செல்லும். குழுவுக்கு ஒன்றும் தெரியாது. கெடுவும் அதற்கு மேற்பட்ட சலுகை நாட்களும் கடந்தால் பெயர் பொதுவிற்கு வந்துவிடும், எவரும் எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டு உழைப்பில் பெற்ற நற்பெயர் அன்றே கைமாறும். ஆகவே பதிவு குழுவின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்க வேண்டும். கெடுத்தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆண்டுதோறும் கூட்டத்தில் படிக்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் தனிப் பெயர் அவசியமா என்றால், அவசியமில்லை என்பதே நம் கருத்து. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பஞ்சாயத்துகளின் திட்டங்களும் கணக்குகளும் இடம்பெறுகின்றன. அரசு முடிவுடைய பெயர் வேண்டுமாயின், மாவட்ட ஆட்சியரகத்திலுள்ள தேசியத் தகவலியல் மையத்தாரை அணுகி வழி கேட்கலாம். பஞ்சாயத்தின் பெயரால் தனியார் முடிவுகளில் தளம் திறத்தல் தகாது. மக்கள் குழம்புவர், வஞ்சகருக்கும் அது வழிகாட்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. அடுத்த கிராம சபையில், பெயரை வலமிருந்து படிக்கும் முறையைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பணம் இழந்தவர் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எத்தனை விரைவில் சொல்கிறோமோ, அத்தனைக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

நம் முன்னோர் ஊருக்குப் பெயரிடும்போது ஏரியையும் மலையையும் கோயிலையும் நினைத்து இட்டனர். அவை இன்றும் நிலைத்துள்ளன. இணையத்தில் நாம் இடும் பெயரும் அவ்வாறு ஆராய்ந்து இடப்படுவதாக; ஆண்டுதோறும் தவறாமல் பேணப்படுவதாக. அப்போது நம் விளைபொருளைத் தேடி வருபவர் வழி தவறாமல் நம் வாசலுக்கே வந்து சேருவர்.