வாளின் வாய்



தம்பி, ஜப்பானிய வாள் வகுப்பில் இப்போது கூர்வாள் கையில் கொடுத்திருக்கிறார்களாமே! மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம்தானே என்று கேட்டிருக்கிறாய். மின்சாணைப் பக்கமே போகாதே.

காரணம் அந்த வாள் பிறக்கும் விதத்தில் இருக்கிறது. கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாயில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து, முறியாமல் வளைந்துகொடுக்கும் பதத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓடும் அலைக்கோட்டுக்கு ஹாமோன் என்று பெயர். அதற்கும் வாய்க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டைதான் வாளின் மொத்தச் சொத்து. சாணைச் சக்கரத்தின் சூடு ஏறினால் அது இளகிவிடும்.

தமேஷிகிரி என்ற வெட்டுப் பயிற்சியில் வெட்டுவது பெரும்பாலும் நீரில் ஊறவைத்துச் சுருட்டிய தத்தாமிப் பாய். அந்த ஈரத்தோடு வாள் உறைக்குள் போனால் துரு நிச்சயம். வெட்டி முடித்த கையோடு, முதுகுப் பக்கமாகப் பிடித்து, மென்தாளால் பிடியிலிருந்து நுனி நோக்கித் துடை. உச்சிகோ என்ற கல்மாவை ஆசைக்காகத் தட்டிக்கொண்டே இருக்காதே. அதுவும் உரசும் பொருள்தான். கடைசியில் எண்ணெய், பூசியது தெரியாத அளவுக்கு.

வெட்டு கோணலாக இறங்கினால் வாள் வளையலாம். அதைப் பள்ளம் வெட்டிய மரக்கட்டைகளால் நிமிர்த்துவார்கள், ஆசிரியரிடம் விட்டுவிடு.

வாயில் பல் விழுவதுதான் பெரிய தலைவலி. அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் வாய்க்கோடு குழிந்துபோகும். எனவே வாள் தீட்டுபவரான தோகிஷி, முழு வாயையும் அந்த ஆழத்துக்கு இறக்கி, சிப்பி ஓடுபோல் உப்பிய இரு பக்கங்களையும் அதற்கேற்ப மெலிக்க வேண்டும். தாழ்வான இருக்கையில் அமர்ந்து, காலால் மிதித்த கட்டையின் பிடியில் கல்லை நிறுத்தி, தண்ணீர் விட்டு, கல்லின் மேல் வாளை நகர்த்துவார். சொரசொரப்பான கல்லில் தொடங்கும் வேலை, கியோத்தோ வட்டாரத்து உச்சிகுமோரிக் கல்வரை போகும். வெட்டும் வாளுக்கு அதன் பிறகான அழகு மெருகெல்லாம் வீண்செலவு.

ஒவ்வொரு முறையும் அந்தக் கடினப் பட்டை குறுகுகிறது. அதனால்தான் கடுகளவு பல்லைப் பயிற்சியாளர்கள் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரியான முடிவு! தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இஷிதா மசமுனே வாளின் முதுகில் எதிரி வாள் பட்ட வெட்டுத்தடங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றை யாரும் தேய்த்து எடுக்கவில்லை.

பட்டையே போய்விட்டால்? மறுபடி தோய்ப்பதும் உண்டு. 1615-இல் ஒசாகாக் கோட்டையோடு தீயில் வெந்த இச்சிகோ ஹிதோஃபுரி வாளுக்கு யசுத்சுகு என்ற கொல்லர் புதிதாகத் தோய்ச்சல் கொடுத்தார். வாள் பிழைத்தது, பழைய ஹாமோன் போய்விட்டது.

வாய்க்குக் குறுக்கே மயிரிழை விரிசல் ஓடினால் எந்தக் கல்லும் உதவாது. அந்த வாளால் இனி வெட்டவே கூடாது. இன்றிரவு உன் வாளை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து, அப்படி ஏதும் இருக்கிறதா, ஹாமோன் எங்காவது வாயைத் தொட்டுவிடுகிறதா என்று பார்த்து எழுது.