காலதானமும் நோயாளர் பேணலும்

தானம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பெரும்பாலோர் உள்ளத்தில் தோன்றுவன பிக்குகளுக்கு அளிக்கும் அன்னமும் சீவரமுமேயாம். அது பிழையன்று. ஆயினும் அங்குத்தர நிகாயம், காலமறிந்து அளிக்கப்படும் தானங்கள் ஐந்தென வகுத்துரைக்கின்றது. வந்தவர்க்கு அளித்தல், புறப்படுவோர்க்கு அளித்தல், நோயுற்றவர்க்கு அளித்தல், பஞ்சத்தில் அளித்தல், புதுவிளைச்சலைச் சீலமுடையோர்க்கு முதலில் அளித்தல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

விருந்தினர் இரண்டொரு நாளில் விடைபெறுவர். மழை பெய்தால் பஞ்சம் நீங்கும். தீரா நோயுற்றவனுக்கோ ‘காலம்’ என்பது ஒவ்வொரு நாளும் வந்து நிற்கின்றது. புற்றுநோயின் கொடிய வலிக்கு வாய்வழி கொடுக்கப்படும் சாதாரண மார்பின் மருந்தின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். அந்நேரம் கழிந்தால் அடுத்த வேளை மருந்து கையில் இருத்தல் வேண்டும். திங்கட்கிழமை அளித்த பெருநன்கொடை செவ்வாய்க்கிழமை வலிக்கு உதவாவிடில் அதனைக் காலதானம் என்று எவ்வாறு அழைப்பது?

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவர். வயிற்றுக்கடுப்பால் துன்புற்ற பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே கிடந்தார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் துடைத்துக் கழுவ, இருவருமாய் அவரைத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். ஆனால் அதற்குப் பின் நிகழ்ந்த விசாரணையைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. ஏன் ஒருவரும் இவரைப் பேணவில்லை என்று பகவான் வினவியபோது, இவர் பிறர்க்கு ஒன்றும் செய்தவரல்லர், ஆதலின் பிறரும் செய்யவில்லை என்பதே கிடைத்த விடை. கைம்மாறு நோக்கும் இக்கணக்கைத்தான் பகவான் அன்று தகர்த்தார். நோயாளியின் உபாத்தியாயர் பேண வேண்டும். அவரில்லையேல் ஆசிரியர், அவரில்லையேல் மாணாக்கர். ஒருவருமே இல்லையேல் சங்கம் முழுவதும் அப்பொறுப்பை ஏற்றல் வேண்டும், ஏலாவிடின் குற்றம் என்பது விநய விதி. நோயாளி கேட்பாரற்றவன் ஆகும்படி அவ்விதி ஓர் இடைவெளியும் விடவில்லை என்பதைக் கவனிக்க.

இவ்வறம் நம் தென்னாட்டிற்குப் புதிதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி அமைத்ததையும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்ததையும் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது.

அந்தக் கேரளத்தின் இன்றைய தலைநகராகிய திருவனந்தபுரம் நம் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1981இல் அங்கு அமைந்த மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடிக் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்களும் செல்கின்றனர். குமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தமையால் அவ்வழி அவர்களுக்குப் பழகிய வழியே.

மருத்துவமனை செய்யக் கூடியதைச் செய்து முடித்த பின் வீட்டிற்குத் திரும்பும் நோயாளியின் நிலை என்ன? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் முதன்மையானவர். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோருடன் வலி தணிப்புச் சங்கத்தை நிறுவிய அவர், 2003இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’ என்னும் அறநிலையம் தோன்றக் காரணமானார். நோயாளியின் வீட்டிற்கே மருத்துவரும் தாதியரும் செல்வது அதன் பணிகளுள் தலையாயது. அதனோடு வறிய நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்குவதும், அவர்தம் பிள்ளைகளின் படிப்பிற்கு உதவுவதும் உண்டு.

வலி தணிக்க வந்தவர் அரிசி கொடுப்பானேன் என்று ஐயுறுவோர் சிகாலோவாத சூத்திரத்தை நினைவு கூர்க. இல்லறத்தான் தன் பொருளை நான்கு கூறாக்கி, ஒன்றை நுகர்ந்து, இரண்டைத் தொழிலில் இட்டு, நான்காவதை இடர்க்காலத்திற்கென வைத்தல் வேண்டும் என்பது அதன் முறை. நீண்ட நோய் முதலில் அந்த நான்காம் கூற்றை விழுங்கும். அடுத்துத் தொழிற் கூறாகிய ஆட்டையும் மாட்டையும் தையற்பொறியையும் விற்பிக்கும். இறுதியில் உலையில் இட அரிசியிராது; பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குப் போகும். நோய் ஓருடலைப் பற்றினும் அழிவது குடும்பம் முழுவதுமாம்.

இனி, இதற்கான பொருள் எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்வோம். பெருநிறுவனங்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதித்தது. நன்றே. ஆயினும் அவ்வகை மானியத்திற்குக் கால எல்லை உண்டு. தொடர்பணி என எழுதப்பட்டதும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டைக் கடத்தல் இயலாது. அயல்நாட்டு நன்கொடையோ 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேலும் இறுகிற்று. அதனைப் பெற்ற பெரிய நிலையம் மற்றொரு சிறு சங்கத்திற்குப் பகிர்ந்தளித்தல் தடுக்கப்பட்டது. நிர்வாகச் செலவும் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது. மேலும், மானியம் தருவோர் பலர் கட்டடத்தையும் இயந்திரத்தையும் விரும்புவர். அவற்றிற் பெயர்ப்பலகை பொறிக்கலாமன்றோ! தாதியின் மாதச் சம்பளத்திலும், வண்டியின் பெட்ரோலிலும், புண்ணைக் கட்டும் துணியிலும் எவர் பெயரைப் பொறிப்பது?

வட கேரளத்தில் 1990களின் இறுதி தொட்டுப் பரவிய அண்டைவீட்டார் பேணல் அமைப்பு இக்குறையைத் தன் வழியில் தீர்த்துக்கொண்டது. கடைகளில் வைத்த உண்டியல், மாணவர் திரட்டிய சில்லறை, கூலியாளர் மாதந்தோறும் தந்த சிறு தொகை ஆகியவற்றைக் கொண்டே அவ்வூர்ச் சங்கங்கள் பெரிதும் நடந்தன. 2008இல் கேரள அரசு வலி தணிப்புப் பேணலுக்கெனக் கொள்கை வகுத்த பின்னர் ஊராட்சிகளும் தம் திட்ட நிதியிலிருந்து தாதியரை அமர்த்தி வீடுதோறும் அனுப்பலாயின. சிறு கொடையே முதலில் வழி காட்டியது. அரசின் பணம் அதன் பின்னரே வந்தது.

லாட்டரிப் பணம் பற்றியும் ஒரு சொல். கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கிற்று. 2011இல் ‘காருண்யா’ என்னும் சீட்டை வெளியிட்டு, அதன் வருவாயைக் கொண்டு 2012 முதல் புற்றுநோய், இதயநோய், சிறுநீரகநோய் உற்ற ஏழைகளுக்குச் சிகிச்சை உதவி வழங்கிற்று. உதவி பெற்ற நோயாளியிடம் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால், சீட்டு வாங்குவதும் தானந்தானே என்று உபாசகர் எவரேனும் வினவின், அன்று என்பதே நம் விடை. கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்னும் மூன்றும் கொடையாளனுக்கு உரியனவாகச் சூத்திரம் கூறும். பரிசு விழாத சீட்டைக் கையில் வைத்திருப்பவனிடம் அம்மூன்றாவதைத் தேடிப் பாருங்கள்! தனக்கும் பிறர்க்கும் ஊறு விளைக்காமல் கொடுப்பது சான்றோர் தானத்தின் இலக்கணங்களுள் ஒன்று. கூலியில் பாதியைச் சீட்டில் இழப்பவன் வீட்டின் ஊறு எவர் கணக்கில் எழுதப்படும்?

நம் சங்கங்கள் சிறியவை. மார்பின் வழங்க நமக்கு உரிமமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அது மருத்துவர் கடமை. ஆயினும் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு நோயாளியோடு செல்லும் துணையாளின் ரயில் கட்டணமும், அங்கு அவர் உண்ணும் இருவேளைச் சோறும் மானியப் பட்டியல்களில் எளிதில் இடம்பெறுவதில்லை. பயணச் செலவிற்கு அஞ்சியே மறுமுறை சிகிச்சைக்குச் செல்லாது நின்றுவிடுவோர் உளர். உபோசத நாட்களில் வைக்கும் உண்டியலில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குதல் நம்மால் இயலும். பௌர்ணமிதோறும் இருவர் முன்னிலையில் அதனைத் திறந்து எண்ணி, வரவையும் செலவையும் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். உதவி பெற்றவர் பெயரை மட்டும் எழுதலாகாது.