புற ஊதா ஒளி புரதத்தைக் கொன்றுவிடுமா?

‘யூ.வி. பட்டால் புரதம் செத்துவிடும்.’ தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரிகளில் பயோடெக் படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒளியால் தங்கத் தகட்டில் பதித்துச் சென்சர் செய்யலாம் என்று வைவாவில் ஒரு மாணவி சொல்லிவிட்டால், ‘கிருமி விளக்கில் காட்டிய ஆன்டிபாடி எதற்கம்மா உதவும்?’ என்று மடக்கி உட்காரவைக்கும் தேர்வாளர்களும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் விற்ற யூ.வி. பெட்டிகள் இந்த வதந்திக்கு நன்றாக உரம் போட்டன. படித்தவர்களே பரப்புகிற வதந்தி என்பதால்தான் எனக்குக் கோபம் அதிகம்.

புரதம் எப்போது உயிரோடு இருந்தது, சாவதற்கு? கிருமி சாவது வேறு விஷயம். கிருமிநாசினி விளக்கின் ஒளி 254 நானோமீட்டர், டி.என்.ஏ. மிக அதிகமாக உறிஞ்சுவது 260-ஐ ஒட்டி. அந்த ஒளி பட்டதும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின்கள் பிணைந்துகொள்கின்றன. இழையைப் படியெடுக்க முடியாமல் கிருமி பெருகுவது நின்றுவிடுகிறது. 1950-களில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி குழுவினர் காசநோய் வார்டின் காற்றைக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், யூ.வி. காட்டிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு நோய் தொற்றவில்லை. 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்றே பெயர் பெற்ற பகுதியில் வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது கிருமியைப் பற்றிய சோதனை. ஆன்டிபாடியில் டி.என்.ஏ.வும் இல்லை, அது பெருகவேண்டிய அவசியமும் இல்லை.

ஆன்டிபாடியின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த டைசல்ஃபைடு பிணைப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. 280 நானோமீட்டர் ஒளியை டிரிப்டோஃபன் உறிஞ்சி ஓர் எலக்ட்ரானை உதறுகிறது. அந்த எலக்ட்ரான் போய்க் கந்தகப் பிணைப்பை உடைக்கிறது. விடுபட்ட கந்தகம் தங்கத்தைக் கண்டால் விடாது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் மரியா தெரேசா நெவெஸ்-பீட்டர்சன் குழு 2002-இல் கியூட்டினேஸ் நொதியில் ஒளி இந்தப் பிணைப்பை உடைப்பதைக் காட்டியது. இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் 2013-இல், யூ.வி. காட்டிய ஆன்டிபாடிகளைத் தங்கம் பூசிய குவார்ட்ஸ் படிகத்தில் பதித்து, அதன் அதிர்வை அளந்து பாரத்தியான் பூச்சிக்கொல்லியைக் கண்டறிந்தார்கள். ‘செத்த’ ஆன்டிபாடி பூச்சிக்கொல்லியைத் தேடிப் பிடிக்குமா?

அளவு மீறினால் கெடும், அது உண்மை. டிரிப்டோஃபன் சிதையும், புரதங்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ஒளியின் வலுவையும் நேரத்தையும் அளந்து கொடுக்கிறோம். தோசை கருகும் என்று யாரும் அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதில்லை.

‘யூ.வி.’ என்பதை ஒரே ஒளி என்று நினைப்பது இதைவிடப் பெரிய பிழை. பரப்பில் பென்சோஃபீனோன் என்ற வேதிப்பொருளைப் பூசிவிட்டால் 365 நானோமீட்டர் ஒளியே புரதத்தோடு பிணைப்பை உண்டாக்கும். அந்த அலைநீளத்தை உறிஞ்சுவது பென்சோஃபீனோன்தான், புரதம் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. உறிஞ்சப்படாத ஒளி எந்த வேதிவினையையும் செய்யாது என்பது ஒளிவேதியியலின் முதல் விதி. அதை மறந்துவிட்டு வைவாவில் கேள்வி கேட்கக் கூடாது. ஒளியால் பிணைப்பது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. ஃபிராங்க் வெஸ்ட்ஹைமர் குழு கைமோட்ரிப்சின் நொதியில் ஒளியால் பிணைப்பு உண்டாக்கியது 1962-இல். இத்தகைய சென்சர்களுக்கு முன்னோடியான, நொதி வைத்த எலக்ட்ரோடை லேலண்ட் கிளார்க் முன்வைத்ததும் அதே ஆண்டில்தான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ஆன்டிபாடியை மொட்டைமாடி வெயிலில் வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது, 280 நானோமீட்டர் ஒளியை ஓசோன் படலம் மேலேயே நிறுத்திவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியும் அதை விடாது, குவார்ட்ஸ் வேண்டும். ரூபாய் நோட்டு சரிபார்க்கும் டார்ச்சின் ஒளி 365 அல்லது 395. டிரிப்டோஃபன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. புரதத்தை நிறைய ஏற்றினால் சென்சர் கூர்மையாகும் என்பதும் தவறு: நெருக்கி அடைத்தால் பிடிக்கவேண்டிய முனைகளே மறைந்துபோகும். குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளில் சுகர் ஸ்ட்ரிப் வெளிச்சம் பட்டுக் கெடுகிறது என்று பயப்படுகிறார்கள். அதன் முதல் எதிரி ஈரம், அடுத்தது சூடு. எடுத்தவுடன் டப்பா மூடியை இறுக்குங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட. ஒரு தகட்டில் ஒளி காட்டிய ஆன்டிபாடி, இரண்டாவதில் ஒளி காட்டாதது, மூன்றாவதில் ஒளி காட்டிய, ஆனால் சம்பந்தமே இல்லாத வேறு ஆன்டிபாடி. மூன்றையும் ஒரேபோல் கழுவி, ஒரே ஆன்டிஜெனைக் கொடுத்து அளந்து பாருங்கள். புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிய ரிப்போர்ட்டில் இந்த மூன்று தகடுகளும் இருக்காது. அந்தக் கடைகளை வாழவைப்பது நம் கல்லூரிகளின் வெற்று ஆய்வகங்கள்தான். 280 நானோமீட்டர் எல்.இ.டி., குவார்ட்ஸ் தகடு, தங்கம் பூசிய படிகங்கள், அவற்றின் அதிர்வை அளக்கும் கருவி: இவற்றை ஒவ்வொரு கல்லூரியும் தனியாக வாங்கவேண்டியதில்லை. தாம்பரத்துக்கும் மறைமலைநகருக்கும் இடையில் பொதுவாக ஓர் ஆய்வகம் இருந்தால் போதும். துறைத்தலைவர்கள் இதை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடுவதற்கு நியாயமே கிடையாது.

அந்த ஆய்வகத்துக்கு முதலில் வாங்கவேண்டியது முகத்தை முழுதாக மறைக்கும் யூ.வி. தடுப்புக் கவசங்கள். இந்த ஒளி கண்ணைத் தாக்கினால் வலி சில மணி நேரம் கழித்தே தெரியும். அதற்குள் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.