தளம் கடந்த தரவு உறவு

தரவுகளை அட்டவணைகளாக அமைத்து உறவுபடுத்தும் கோட்பாட்டை 1970இல் எட்கர் காட் வெளியிட்டார். நூலகத் தரவுத்தளம் இதற்குத் தக்க சான்று. உறுப்பினர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இரவல் அட்டவணை அவ்வெண்ணைச் சுட்டும். இச்சுட்டே அயல் திறவுகோல் எனப்படும். இல்லாத உறுப்பினரின் பெயரில் இரவல் பதிவாகாதவாறு தரவுத்தளமே காவல் புரிகிறது.

இவ்விரு அட்டவணைகளும் வெவ்வேறு தரவுத்தளங்களில் அமையின் அக்காவல் நீங்கிவிடும். ஒரு தளத்தில் நிகழும் நீக்கத்தை மற்றொரு தளம் அறியாது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்னும் இணையச் சட்டகம், 2010இல் வெளியான 1.2ஆம் பதிப்பு முதல் பல தரவுத்தளங்களைக் கையாள்கிறது. எனினும், அவற்றுக்கிடையே அயல் திறவுகோல் உறவை அது ஆதரிப்பதில்லை.

எனவே, இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண் வெறும் எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. நிரலர் முதலில் இரவல் பதிவுகளைப் பெறுகிறார். அவற்றிலுள்ள எண்களைத் திரட்டி, உறுப்பினர் விவரங்களை ஒரே வினவலில் பெற்று, நிரலுக்குள் இணைக்கிறார். உறுப்பினரை நீக்குமுன் நிலுவை நூல் உண்டா எனச் சோதிக்கிறார். சோதனைக்கும் நீக்கத்திற்கும் இடைப்பட்ட நொடியிலும் புதிய இரவல் பதிவாகலாம். ஆதலின், பதிவை அழிக்காமல் ‘விலகியவர்’ எனக் குறித்துவைத்தல் பாதுகாப்பானது. தரவைப் பிரிப்பதால் காவற்பொறுப்பு மறைவதில்லை. அது தரவுத்தளத்திடமிருந்து நிரலரிடம் வந்துசேர்கிறது.